ஆள் இல்லாத அறை

இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த அன்றைக்கே என் மகளிடம் கேட்டேன், ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்று. திறக்காது என்றாள். திறக்காத ஜன்னலுக்குச் சுவர் என்றுதான் பேர். அதைச் சொன்னதும் சிரித்தாள்.

"திறந்தா குளிர் வெளிய போயிடும்பா. உள்ள இருக்கறதை உள்ளயே வச்சுக்கத்தான் இவ்வளவு பாடு."

"மனுஷனையும் சேர்த்தா?"

"கண்ணாடி இருக்குல்ல, பாருங்க. யாரு வேணாம்னா?"

என் மகள் கட்டடம் கட்டுகிறவள் இல்லை. கட்டடத்துக்குக் கணக்குப் போடுகிறவள். எந்தச் சுவரில் எந்த நேரம் வெயில் விழுகிறது, எந்த அறையில் எப்போது ஆள் இருக்கிறார்கள், கரண்ட் எங்கே வீணாகிறது என்று எங்கெங்கோ இருக்கிற வீடுகளிலிருந்து எண்களை வாங்கிக் கம்ப்யூட்டரில் கொட்டிக் கிளறுவார்கள். கிளறினால் ஒரு வரைபடம் வரும். அந்த வரைபடத்தின்படி கட்டினதுதான் இந்தக் கட்டடம். வேலை செய்கிறவர்களுக்குச் சில வீடுகள் ஒதுக்கினார்கள், அதில் ஒன்று எங்களுக்கு. நான் அவளைக் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். சின்னதிலேயே அப்பன் தட்டில் எத்தனை, தன் தட்டில் எத்தனை என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

நான் லாரி ஓட்டினவன். கண் மங்கினதும் இறங்கி, மெயின் ரோட்டு முனையில் பஞ்சர் கடை போட்டேன். என் தொழிலில் பேச்சுக்கு வேலை இல்லை. டியூபைத் தண்ணீரில் முக்கினால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும். வந்தால் ஓட்டை, வராவிட்டால் இல்லை. மற்றபடி டை கட்டிக்கொண்டு வந்து படம் காட்டுகிற எவனையும் நான் நம்பினது கிடையாது. படித்த மகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டில் ஒவ்வொரு அறையிலும் கதவுக்கு மேலே வெள்ளையாக ஒரு குமிழ் இருந்தது. அறையில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று பார்க்கிற கண்ணாம் அது. ஆள் இருந்தால் விளக்கு எரியும், கூரையிலிருந்து குளிர்காற்று வரும், சுவரில் உள்ள ப்ளக்கில் கரண்ட் வரும். வெளிக்கதவு திறந்தால் எல்லா அறையும் ஒரு தடவை விழித்துக்கொள்ளும், பிறகு ஆள் இல்லாத அறையில் எல்லாம் தானாக அணைந்துவிடும். சுவிட்ச் என்று ஒரு சாமான் அந்த வீட்டில் கிடையாது. நாம் ஒன்றையும் தொட வேண்டாம், எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்றாள்.

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என் பெண்டாட்டி படுத்திருக்கிற அறையில் எவன் வைத்த கண் எதற்கு? முதல் நாளே ஸ்டூல் போட்டு ஏறி அதன் மேல் துண்டைப் போட்டேன். மகள் வந்து துண்டை எடுத்தாள்.

"அது கேமரா இல்லப்பா. படமெல்லாம் எடுக்காது. அசைவு இருக்கா இல்லையான்னு மட்டும்தான் பார்க்கும்."

"பார்க்கற எதுவும் சும்மா பார்க்காது."

அது எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்றுதான் பயந்தேன்.

என் பெண்டாட்டி பக்கவாதத்தில் விழுந்தவள். வலப்பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் முழங்கைக்குக் கீழே கொஞ்சம் ஆடும். அந்தக் கையால் கட்டிலைத் தட்டினால் தண்ணீர், இரண்டு தரம் தட்டினால் திருப்பிப் படுக்க வை. முன்னெல்லாம் என்னை வாயாலேயே வறுத்தெடுத்தவள். லாரியில் ஊர் ஊராகப் போய்விட்டுத் திரும்பினால், "வந்துட்டாரு விருந்தாளி, தட்டு எடுத்து வைங்க" என்பாள். இப்போது விருந்தாளி வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் ஒரு சொல் கிடையாது.

அவளுக்குக் கொடுத்த அறை மேற்குப் பக்கம். மத்தியானத்துக்கு மேல் சுவரில் கை வைத்தால் அடுப்பில் ஏறின தோசைக்கல் மாதிரி இருக்கும். எதற்கு இதைப் போய்ப் படுக்கையறை ஆக்கினீர்கள் என்று கேட்டேன்.

"பகல்ல படுக்கையறையில யாரும் இருக்கறதில்லப்பா. ஆள் இல்லாத அறையை வெயில் பக்கம் தள்ளிட்டா, ஆள் இருக்கற ஹால் தானா குளிர்ச்சியா இருக்கும். கரண்ட் மிச்சம்."

"உங்கம்மா இருக்காளே?"

"பொதுவா சொல்றேன். சராசரி."

"சராசரி யாரு, நம்ம சொந்தமா? அவன் வந்து படுக்கப்போறானா இங்க?"

"குளிர்காற்று வரும்ல! வெயில் அடிச்சா என்ன, மெஷின் எதுக்கு இருக்கு?"

சரி, காற்று வரத்தான் செய்தது. நான் அறைக்குள் இருக்கும்போதெல்லாம் வந்தது. இருந்தாலும் என் மனசு கேட்காமல், கடையிலிருந்த பழைய இரும்பு மேசை விசிறியைக் கொண்டுவந்து அவள் கால்மாட்டில் வைத்தேன். ஓடினால் கடகடவென்று சத்தம் போடும், ஆனால் காற்றில் குறை வைக்காது. ப்ளக்கில் சொருகி, விசிறியின் பொத்தானை அமுக்கி வைத்துவிட்டேன். பிறகு அதை நான் அணைத்ததே இல்லை.

எங்கள் பிழைப்பு இப்படிப் போயிற்று. காலையில் ஆயா வந்து அவளைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுப் போவாள். மகள் ஆபீசுக்குப் போவாள். நான் கடைக்குப் போவேன். சாப்பாட்டு நேரத்துக்கு வந்து அவளுக்கு ஊட்டிவிட்டு மறுபடி கடை, பொழுது சாய வீடு. வெளிக்கதவைத் திறந்து செருப்பைக் கழற்றி, கால் கழுவிக்கொண்டு அறைக்குள் போவதற்குள் அந்தக் கடகட சத்தம் காதில் விழும். வெயிலில் வெந்துவிட்டு வந்தவனுக்கு அந்த அறை குளுகுளுவென்றுதான் இருந்தது. ராணி மாதிரி படுத்திருக்கிறாய் என்று அவளிடம் சொல்வேன்.

அவள் இடது கையால் என் சட்டை முனையைப் பிடித்துக்கொள்வாள். கிளம்பும்போது விடமாட்டாள்.

"என்னடீ, வயசான காலத்துல ஆசையா? கடைக்குப் போகணும், விடு" என்று சிரித்துக்கொண்டே விரலை எடுத்துவிட்டுப் போவேன். அழுவாள். இந்த நோயில் காரணமில்லாமல் அழுவார்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

பிறகு திரைச்சீலை கிழிய ஆரம்பித்தது. அவள் கட்டிலை ஒட்டின ஜன்னலுக்குத் தொங்கினது. ஒரு நாள் வளையத்திலிருந்து ஓரம் பிய்ந்து தொங்கியது. தைத்துப் போட்டேன். நாலு நாள் போகவில்லை, மறுபடி. ஆயாவைப் பிடித்தேன்.

"எதுக்கு இப்படி இழுத்து வைக்கிறே?"

"நான் எதுக்குப் பெரியவரே உங்க திரையை இழுக்கப்போறேன்? எனக்கென்ன அதுல பாவாடை தைக்கணுமா?"

"நீ இல்லாம யாரு? இங்க நடமாடறது நீ ஒருத்தி."

"எதிர்வீட்டு டீச்சரம்மா தினம் வந்து உட்காந்துட்டுப் போறாங்களே, அவங்களைக் கேளுங்களேன்!"

எதிர்வீட்டு டீச்சரம்மா ரிட்டையர் ஆனவள், தனிக்கட்டை. ஆயா போனதும் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து என் பெண்டாட்டிக்குப் படித்துக்காட்டுவாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மகள் சொல்லித்தான் வந்திருக்கிறாள், கதவைத் திறக்கிற அட்டையும் மகள் கொடுத்தது. என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வாய் பேச முடியாதவள் படுத்துக் கிடக்கிற வீட்டில் ஆளாளுக்கு நுழைகிறார்கள், சாமான் கிழிகிறது, கேட்க நாதி இல்லை. அன்றைக்கே வெளிக்கதவில் தாழ்ப்பாள் அடித்து என் லாரியின் டூல்பாக்ஸ் பூட்டைத் தொங்கவிட்டேன். நாட்டிலுள்ள எல்லாத் திருடனையும் பார்த்த பூட்டு அது. சாவி ஒன்றுதான், என் இடுப்பில். மகளும் ஆயாவும் நான் இருக்கும்போது வரட்டும், டீச்சரம்மா பேப்பரைத் தன் வீட்டிலேயே படித்துக்கொள்ளட்டும்.

மகள் கத்தினாள். "ஆபத்து அவசரத்துக்கு யார் உள்ள போறது?"

"ஆபத்து வெளிய இருந்துதான் வரும். அதுக்குத்தான் பூட்டு."

அதற்கப்புறம்தான் என் பெண்டாட்டி உருக ஆரம்பித்தாள். உதடு வெடித்தது. கண் உள்ளே போயிற்று. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தபோது கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், கண் திறக்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டர் சின்ன வயசுக்காரி. சலைன் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வெயில்ல இருந்தாங்களா?"

"கட்டில்ல கிடக்கறவளுக்கு ஏதும்மா வெயில்?"

"உடம்புல தண்ணியே இல்ல. ரோட்டுல வேலை செய்யறவங்களுக்கு உச்சி வெயில்ல வருமே, அந்த மாதிரி இருக்கு. இந்த ஒரு தடவை தப்பிச்சாங்க. இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டாங்க, சொல்லிட்டேன்."

வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இன்னொரு தடவை வரக்கூடாது. தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். ஈரத்துணி போட்டேன். ஆனால் மனசுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது, அந்தக் குளிர்காற்று மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று. ஏ.சி. மெக்கானிக் ஒருத்தனை நானே கூட்டிவந்தேன். அவன் கூரையைப் பார்த்தான், கையை நீட்டிக் காற்றைப் பார்த்தான், அரைமணி நேரம் அங்கேயே நின்றான்.

"சூப்பரா வேலை செய்யுதே. எங்க வீட்டுக்கு இதுல பாதி இருந்தாப் போதும். உங்களுக்கு வேற ஏதாவது வேலை இல்லையா பெரியவரே?"

கட்டடத்து மானேஜரிடம் போனேன். டை கட்டினவன். நான் உட்காருவதற்குள் ஒரு திரையைத் திருப்பிக் காட்டினான். வீடு வீடாகக் கட்டம் போட்டு நிறம் அடித்திருந்தது. சில கட்டம் சிவப்பு, சில மஞ்சள். எங்கள் வீட்டுக் கட்டம் பச்சைப் பசேலென்று இருந்தது.

"உங்க வீடுதான் சார் இந்தக் கட்டடத்துலயே நம்பர் ஒன். அதுலயும் அந்த மேற்கு ரூம் இருக்கே, எல்லாருக்கும் அதைத்தான் காட்டறோம். அவ்வளவு குறைச்சலா கரண்ட் எடுக்குது."

"அங்கதான் என் பெண்டாட்டி சாகக் கிடக்கிறா."

"ஐயோ, உடம்பு சரியில்லன்னா டாக்டர்கிட்ட போங்க சார். என்கிட்ட வந்தா?"

இரவு சாப்பாட்டில் மகளைப் பிடித்துக்கொண்டேன். அவளும் முகம் வாடித்தான் இருந்தாள், அவளுக்கும் அம்மாதானே. ஆனாலும் அவள் எண்களை விட்டுக்கொடுக்கவில்லை.

"அப்பா, ஆரம்பத்துல ஒரு பிரச்சினை இருந்துச்சு, ஒத்துக்கறேன். திரை ஆடினாக்கூட ஆள்னு நினைச்சுக்கிட்டு மெஷின் ஓடிட்டே இருந்துச்சு. எல்லா வீட்டுலயும் வீண். நான்தான் உக்காந்து, சின்ன அசைவையெல்லாம் தள்ளிட்டு, பெரிய அசைவை மட்டும் ஆள்னு எடுத்துக்கோன்னு மாத்தினேன். அதுக்கப்புறம் பாருங்க, எவ்வளவு மிச்சம்! இதையே வச்சுத்தான் அடுத்த கட்டடம் வரப்போவுது."

"எது?"

"படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு ஒரு விடுதி. பெரிசு. அடுத்த வாரம் எங்க முடிவைக் கொடுத்துட்டா வேலை ஆரம்பம்."

"உன் முடிவை நம்பி எவனும் படுக்கக்கூடாது."

தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ரெண்டு பேரும் அந்தப் பேச்சைக் கேட்டோம், ரெண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்காவது விளங்கியிருக்கலாம். எனக்காவது உறைத்திருக்கலாம். கட்டிலில் கிடந்தவளுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது, அவளுக்குத்தான் வாய் இல்லை.

அந்தக் கோடையிலேயே மோசமான நாள் அது. காலையிலேயே தார் ரோடு இளகிவிட்டது. ஆயா போனதும் நானும் கிளம்பினேன். பெண்டாட்டி என் சட்டையைப் பிடித்தாள். அன்றைக்கு முனையைப் பிடிக்கவில்லை, கொத்தாகப் பிடித்தாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. கண் என்னைப் பார்க்கும், கதவுக்கு மேலே பார்க்கும், மறுபடி என்னைப் பார்க்கும். அங்கே என்ன இருக்கிறதென்று நானும் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக் குமிழ்தான் இருந்தது.

"தெரியும்டீ, எனக்கும் அதைப் பிடிக்கல. இன்னைக்கு அந்தக் கம்பெனிக்கே போய் ஒரு வழி பண்ணிட்டு வரேன். உனக்காகத்தான் போறேன். விடு."

ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

மகளின் ஆபீஸ் ஊரின் அந்தக் கோடியில். போய்ச் சேரவே வெகுநேரம் பிடித்தது. உள்ளே விடமாட்டேன் என்றார்கள். நான் போட்ட சத்தத்தில் அவளே ஓடிவந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள்.

"மானத்தை வாங்காதீங்கப்பா. என்ன வேணும் உங்களுக்கு?"

"அந்த ரூம்ல குளிர் இல்லை. இல்லவே இல்லை. நீங்க எல்லாரும் பொய் சொல்றீங்க."

"இருங்க. இப்பவே காட்டறேன். இந்த நிமிஷம் என்ன நடக்குதுன்னு நீங்களே பாருங்க. அப்புறம் பேசாம வீட்டுக்குப் போகணும், சரியா?"

ஏதோ தட்டினாள். எங்கள் வீடு வந்தது. பச்சை இல்லை. சாம்பல் நிறம்.

"இது என்ன நிறம்?"

"ஒண்ணுமில்ல, ஆள் இல்லைன்னா இந்த நிறம். வீடு காலி. அதனால எல்லாம் அணைஞ்சிருக்கு. அந்த நேரத்துச் சூட்டைக் கணக்குல சேர்க்க மாட்..."

நிறுத்திவிட்டாள். அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

"அப்பா. அம்மாகூட யாரு இருக்கா?"

"யாருமில்ல. பூட்டிட்டு வந்தேன்."

"வீடு காலின்னு சொல்லுது."

"காலி எப்படி ஆகும்? உங்கம்மா எங்க போவா?"

அவள் விரல் தடதடவென்று தட்டியது. பழைய நாட்களைக் கொண்டுவந்தாள். நான் சாப்பாட்டுக்கு வந்த நேரம் பச்சை. போனதும் சாம்பல். ஆயா வந்த நேரம் பச்சை, போனதும் சாம்பல். முந்தைய மாதங்களில் டீச்சரம்மா வந்து உட்கார்ந்த நேரமெல்லாம் நடுவே ஒரு பச்சைத் துண்டு இருந்தது. பூட்டுப் போட்ட நாளோடு அது நின்றுபோயிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாத விஷயம்தான், ஆனால் நிறம் தெரியும்.

"நாம உள்ள போனாத்தான் ஓடியிருக்கு. நாம வெளிய வந்ததும் நின்னிருக்கு. ஃபேனும்தான்பா, அந்த ப்ளக்குல கரண்டே இருந்திருக்காது."

"அவ இருக்காளே! அவ அசைஞ்சிருப்பாளே! கை ஆடுமே அவளுக்கு!"

மகள் நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டாள். பிறகு தான் தள்ளிவைத்த சின்ன அசைவுகளையெல்லாம் திரும்பக் கூப்பிட்டாள். திரையில் புள்ளி விழுந்தது. ஒன்று, இரண்டு என்றில்லை. சாம்பல் நிறத்தின் மேல் எறும்பு மொய்த்தது போல, ஒவ்வொரு நாளும், நாங்கள் கிளம்பிப் போன நிமிஷத்திலிருந்து.

"திரை ஆடுதுன்னு தள்ளினேன்பா." அவள் குரல் அவள் குரலாகவே இல்லை. "இது அம்மா. அம்மா கை. அந்தக் கண்ணைப் பார்த்துக் கையை ஆட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. கை சின்னதாத் தெரியுதுன்னு திரையைப் பிடிச்சு ஆட்டியிருக்காங்க. வெயில் ஏற ஏறப் புள்ளி குறையுது பாருங்க. கை ஓஞ்சு போயிருக்கு."

"இன்னைக்குப் பாரு. இன்னைக்கு."

பார்த்தாள். காலையில் மொய்த்திருந்தது. பிறகு இங்கொன்று அங்கொன்று. பிறகு வெறும் சாம்பல்.

"கொஞ்ச நேரமா ஒண்ணுமே இல்லப்பா."

"போடு! இங்கிருந்து போடு அதை!"

"எங்களால பார்க்க மட்டும்தான் முடியும். போடறது அணைக்கறது எல்லாம் அந்தக் கட்டடமே பண்ணும்." சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டாள். மானேஜரைக் கூப்பிட்டாள். அவன் யாரிடமோ கேட்டுச் சொல்கிறேன் என்றான். அவள் வாயில் அப்படிப்பட்ட கெட்ட வார்த்தைகள் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உடனே டீச்சரம்மாவைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், எங்க வீட்டுக்குள்ள போங்க. சும்மா போய் அம்மா ரூம்ல நடங்க. குறுக்கும் நெடுக்கும் நடந்துக்கிட்டே இருங்க, அது போதும்!"

போனில் டீச்சரம்மா சொன்னது எனக்கும் கேட்டது.

"எப்படிம்மா போறது? உங்கப்பா பூட்டு தொங்குதே."

மகள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம். என் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. சாவி சூடாக இருந்தது.

"வாட்ச்மேனைக் கூப்பிட்டு உடைக்கச் சொல்லுங்க" என்று போனில் கத்திக்கொண்டே படியிறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். ஊரே வண்டிகளை வரிசையாக நிறுத்திவைத்து எங்களை மறித்தது போல இருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் நான் இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். என் காலால் ஓடி எங்கே சேர்வது? லாரியில் எத்தனையோ ராத்திரி தூங்காமல் ஓட்டிப் பிறத்தியார் சரக்கையெல்லாம் நேரத்துக்குச் சேர்த்தவன் நான்.

எங்கள் மாடி ஏறியபோது வாட்ச்மேன் கடப்பாரையால் தாழ்ப்பாளை நெம்பிக்கொண்டிருந்தான். இரும்பு வளைந்திருந்தது, பூட்டு அசையவில்லை. "என்னய்யா பூட்டு இது" என்றான் மூச்சு வாங்க. டீச்சரம்மா கதவை இரண்டு கையாலும் அடித்து, "கையை ஆட்டும்மா, பெருசா ஆட்டு" என்று கத்திக்கொண்டிருந்தாள். உள்ளே கேட்டிருக்காது. குளிரும் சத்தமும் தாண்டாத கதவு அது, அதற்கென்றே செய்தது. சாவி துளையில் போகமாட்டேன் என்றது. மகள் பிடுங்கித் திறந்தாள்.

அனல் வந்து முகத்தில் அறைந்தது. பானட்டைத் திறந்தால் அடிக்குமே, அப்படி. நாங்கள் ஹாலில் காலை வைத்தோம். விளக்கு எரிந்தது. உள்ளே அந்த விசிறி ஒரு முனகு முனகி, மெதுவாகச் சுற்றி, பிறகு கடகடவென்று ஓட ஆரம்பித்தது. இத்தனை நாளில் அந்தச் சத்தத்தை ஆரம்பத்திலிருந்து கேட்டது அன்றைக்குத்தான்.

அவள் மேல் திரைச்சீலை முழுதாக விழுந்து கிடந்தது. வளையங்கள் கட்டிலெல்லாம் சிதறியிருந்தன. இடது கை துணியைப் பிடித்த பிடியை விடவில்லை. உடம்பு கொதித்தது, வியர்வை ஒரு சொட்டு இல்லை. மகள் அம்மா அம்மா என்று அவள் கன்னத்தைத் தட்டினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவுக்கு மேலே இருந்த அந்தக் கண்ணைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் வந்து என்னைத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கினான்.

சாகவில்லை. டாக்டர் தாங்க மாட்டாள் என்று சொல்லியும் அவள் தாங்கிவிட்டாள். என்னோடு குடித்தனம் பண்ணினவளுக்கு வைராக்கியம் குறைச்சலா? ஆனால் அந்த இடது கை போய்விட்டது. இப்போது கட்டிலைத் தட்டுவதில்லை. தண்ணீர் வேண்டுமா என்று நான்தான் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். சட்டையைப் பிடிப்பதில்லை. நானே அவள் விரலை எடுத்து என் சட்டையில் சுற்றி வைத்துக்கொள்கிறேன். கையை எடுத்தால் நழுவி விழுந்துவிடுகிறது.

மகள் அடுத்த வாரக் கூட்டத்துக்குப் போனாள். பச்சைப் படத்தைக் காட்டவில்லையாம். அந்தப் புள்ளிகளைச் சுவர் அகலத்துக்குப் போட்டுக் காட்டி, இது எங்கம்மா, இவங்களைத் திரைன்னு தள்ளினது நான் என்று சொன்னாளாம்.

"என்ன சொன்னாங்க?"

"வருத்தப்பட்டாங்க. அப்புறம் ஒருத்தர் கேட்டாரு, மத்த வீடுகள்ல எண்ணெல்லாம் சரியாத்தானே இருக்கு, இது ஒரு வீடுதானேன்னு. பரிசீலிக்கறோம்னாங்க."

"அந்த விடுதி?"

"அஸ்திவாரம் தோண்ட ஆரம்பிச்சுட்டாங்கப்பா. நான் விடப்போறதில்ல. திரும்பத் திரும்பப் போய் நிப்பேன்."

அவள் முகத்தில் முன்னைப் போலச் சிரிப்பு இல்லை. ராத்திரி பகலாக அந்தப் புள்ளிகளோடுதான் உட்கார்ந்திருக்கிறாள். நான் இப்போது அவளைக் கணக்குப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை.

அம்மா அறையை மட்டும் அந்தக் கண்ணின் பிடியிலிருந்து எடுத்துவிட்டாள். யாரிடமோ சண்டை போட்டு, சுவரில் ஒரு சாதாரண சுவிட்ச் வைக்கச் செய்தாள். போட்டால் ஓடும், அணைத்தால்தான் நிற்கும் என்றாள். நான் போட்டுப் பார்த்தேன், ஓடியது. ஆனால் நான் உள்ளே நின்றால் அந்த வீட்டில் எதுதான் ஓடவில்லை? மெக்கானிக் நின்றபோதும் ஓடியது, மகள் உட்கார்ந்தபோதும் ஓடியது. நான் வெளியே போனபிறகு என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதை வீட்டுக்குள் இருந்து பார்க்க முடியாது.

அதனால் பூட்டைக் கழற்றி எறிந்தேன். படுக்கையறைக் கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்தேன். வெளிக்கதவில் என் கண் உயரத்துக்குத் துளை போட்டேன், விரல் நுழைகிற அளவு. அதில் கண்ணை வைத்தால் ஹாலைத் தாண்டி நேரே அவள் கட்டில், கால்மாட்டில் விசிறி. மானேஜர் ஓடிவந்தான். அந்தத் துளை வழியாகக் குளிரெல்லாம் போய்விடும், கட்டடத்துக் கணக்கே கெட்டுவிடும் என்றான். கெடட்டும் என்றேன்.

சாயங்காலம் மகள் வந்து சொன்னாள். "எங்க படத்துல ஒரு கசிவு தெரியுதுப்பா. நம்ம வீட்டுல."

"குமிழி வருதா?"

"ம்."

"அப்ப அது ஒண்ணாவது நிஜம்."

கடைக்குப் போகலாம் என்றுதான் தினமும் கிளம்புகிறேன். கதவைச் சாத்துகிறேன். டீச்சரம்மா எதிர்வாசலில் பேப்பரோடு நிற்கிறாள், நான் பார்த்துக்கறேன் போங்க என்கிறாள். ஆயாவும் சொல்கிறாள். துளையில் கண்ணை வைக்கிறேன். விசிறி சுற்றுகிறது. கொஞ்சம் பொறுத்து மறுபடி வைக்கிறேன். சுற்றுகிறது. படியில் இறங்கலாம்தான். ஆனால் நான் கண்ணை எடுத்த பிறகும் சுற்றுகிறதா என்று எனக்கு யார் சொல்வது? மறுபடி வைக்கிறேன்.